படிப் பணியாரம்

எனக்குக் காத்திருக்கத் தெரியாது. உலை கொதிப்பதற்குள் மூடியைத் திறந்து திறந்து பார்ப்பேன். பஸ் சத்தம் காதில் விழுவதற்கு முன்பே மேட்டில் ஏறி நின்றுகொள்வேன். என் வீட்டுக்காரர் எனக்கு வைத்திருக்கும் பெயர் அவசரக் குடுக்கை. "ஏம்புள்ள, மரவள்ளிக் குச்சி நட்ட ஈரம் இன்னும் காயல, அதுக்குள்ள கெழங்கு தேடறயா?" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். எனக்குத்தான் சுருக்கென்று இருக்கும்.

மூத்தவன் என் அவசரத்துக்கு ஈடு கொடுத்தான். கவிழ்ந்தான், தவழ்ந்தான், பல் முளைத்தது, எல்லாம் நான் நினைத்ததற்கு முன்பே. எங்கள் வீட்டில் பிள்ளைகள் புதிதாக எதைச் செய்தாலும் அதற்கு ஒரு பலகாரம் உண்டு. பல் முளைத்தால் குட்டிக் குட்டிக் கொழுக்கட்டை செய்து பிள்ளையின் தலையில் கொட்டுவோம். முதன்முதலாக வாசற்படியை நடந்து தாண்டினால் வெல்லப் பணியாரம். அதைச் சுட்டுப் படிமேல் வைத்து, பிறகு ஊருக்கெல்லாம் கொடுப்போம். ஒரு வீட்டிலிருந்து படிப் பணியாரம் வந்தால் அந்த வீட்டுப் பிள்ளை நடந்துவிட்டது என்று அர்த்தம். மூத்தவனுக்கு வயது ஒன்று நிறைவதற்குள் அந்தப் பணியாரத்தை நான் ஊருக்கே கொடுத்துவிட்டேன். தலைகால் புரியாமல் ஆடினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

தொண்ணூற்றெட்டில் மழை விட்ட சமயம் மகள் பிறந்தாள். அவள் என்னைப் பழிவாங்கவே பிறந்தவள்.

அவள் தவழவில்லை. ஒரு காலை மடித்து, ஒரு கையை ஊன்றி, உட்கார்ந்தபடியே சர்ரென்று நகர்வாள். எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்போம். நான் பிறந்தது அரியூர் நாட்டில், வயலும் களமுமாகச் சமமான இடம். வாக்கப்பட்டு வந்த குண்டனி நாட்டு வீடோ சரிவின் நடுவில் இருக்கிறது. வாசலே கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வில் அவளுக்குக் கால் எதற்கு? உட்கார்ந்தாள் என்றால் கீழே மிளகுக்கொடி ஏறிய மரம் வரைக்கும் வழுக்கிக்கொண்டு போய்விடுவாள். திரும்பி வர வேண்டுமென்றால் அங்கிருந்தே ஒரு கத்தல். யாராவது ஓடிப்போய் மகாராணியைத் தூக்கி வர வேண்டும். செம்மண் ஏறி ஏறி அவள் ஜட்டிகளின் நிறமே மாறிப்போனது.

முதலில் சிரித்தேன். ஒரு வயது தாண்டியதும் சிரிப்பு நின்றது. இரண்டாயிரம் பிறந்தால் உலகம் அழிந்துவிடும் என்று செம்மேட்டுச் சந்தையில் பேசிக்கொண்டார்கள். அழிந்தால் அழியட்டும், அதற்குள் இவள் நடந்துவிடுவாளா என்பதுதான் என் கவலை. இரண்டாயிரமும் பிறந்தது. உலகம் அப்படியே இருந்தது. அவளும் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

என் பயத்தை இப்போது ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். எங்கள் மலையில் தண்ணீருக்குப் போனால் இறக்கம், திரும்பினால் ஏற்றம். கடைக்கு ஏற்றம், காட்டுக்கு இறக்கம். இங்கே கால் சரியில்லாத பெண்ணுக்கு வாழ்க்கை வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடும். நான் இருக்கிறவரை சுமப்பேன். எனக்குப் பிறகு யார்? மிளகு பறித்துக்கொண்டிருக்கும்போது இந்த நினைப்பு வந்தால் கை நின்றுவிடும். ஏணியை விட்டு இறங்கி ஓடி வந்து, அவள் கால்களைப் பிடித்து அமுக்கிப் பார்ப்பேன். கெட்டியான கால்கள்தான். அது எனக்குப் போதவில்லை.

செம்மேட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். டாக்டர் அம்மா அவள் முட்டியைத் தட்டினார், பாதத்தைச் சுரண்டினார். "கால்ல ஒண்ணும் இல்லம்மா. சில பிள்ளைங்க இப்படித்தான் நகரும். நடக்கும்" என்றார்.

"எப்பங்க நடக்கும்?"

"அது அவளுக்குத்தான் தெரியும்" என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு அரியூர் நாட்டுக்குப் போனேன். சரிவுதான் இவளைக் கெடுக்கிறது, சமதரையில் விட்டால் எழுந்துவிடுவாள் என்று எனக்கு ஓர் எண்ணம். என் அண்ணன் வீட்டுச் சிமெண்டுக் களத்தின் நடுவில் கொண்டுபோய் உட்காரவைத்தேன். அங்கே அவளால் வழுக்கவும் முடியவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தாள். ஊரே கூடும்படி அழுதாள். "ஏம்மா புள்ளையப் போட்டு வதைக்கற?" என்று அண்ணன் என்னைத்தான் திட்டினார். அடுத்த பஸ்ஸிலேயே கோபித்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

இதற்கு நடுவில்தான் அந்தப் பணியாரக் கூத்து நடந்தது. என் வீட்டுக்காரரின் அக்காவுக்குப் பக்கத்து வீடு. நங்கை என்று கூப்பிடுவேன். என் பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருந்தார். ஆனால் சகுனம், சாங்கியம் என்றால் கடுகளவும் விட்டுக்கொடுக்க மாட்டார். ஒருவர் கிளம்பி வாசலைத் தாண்டிவிட்டால் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது, துரத்திக்கொண்டு ஓடவும் கூடாது. ஒருமுறை மழைக்காலத்தில் என் வீட்டுக்காரர் குடையை மறந்துவிட்டுச் சந்தைக்குக் கிளம்பினார். நான் வாயைத் திறப்பதற்குள், "கூப்பிடாத!" என்று நங்கை அதட்டினார். மனுஷன் தொப்பலாக நனைந்து வந்து மூன்று நாள் காய்ச்சலில் படுத்தார். கூப்பிட்டிருந்தால் இதைவிடப் பெரிதாக ஏதாவது ஆகியிருக்கும் என்பது நங்கையின் கட்சி.

ஒருநாள் காட்டிலிருந்து வருகிறேன், வெல்லம் காயும் வாசம். என் அடுப்பில் பணியாரக் கல் ஏறியிருக்கிறது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கையிலும் வாயிலும் பணியாரம்.

"பாப்பா படி தாண்டிட்டா கண்ணு!" என்றார் நங்கை, முகமெல்லாம் பல்லாக.

தலையிலிருந்த புல்லுக்கட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். மகள் வாசலில் உட்கார்ந்திருந்தாள். தூக்கி நிறுத்தினேன். இரண்டு காலையும் மடக்கிக்கொண்டு பழையபடி உட்கார்ந்தாள்.

"எப்படித் தாண்டுனா நங்கை?"

"எப்படித் தாண்டுனா என்ன? உள்ள இருந்தா. இப்ப வெளிய இருக்கறாளா இல்லியா?"

உட்கார்ந்தபடியே படியைத் தாண்டியிருக்கிறாள். அதற்குப் பணியாரம்! நான் கத்திய கத்தலில் அடுப்படியில் நின்ற பிள்ளைகள் சிதறி ஓடினார்கள். "நடந்து தாண்டணும் நங்கை, நடந்து!" என்றேன். "நல்லது நடக்கட்டும்னுதான் சுட்டேன், அதுக்கு இப்படிக் குதிக்கற" என்று அவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். குதித்து என்ன பயன், அதற்குள் ஊரெல்லாம் கொடுத்தாகிவிட்டது.

அப்புறம் வழியில் போகிறவர்கள் ஒருவர் விடாமல் நின்றார்கள். "பணியாரம் தின்னமுங்க. எங்க, புள்ளைய நடக்க விடுங்க பாப்பம்." நல்ல மனசோடுதான் கேட்டார்கள். நான் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "தூங்கற நேரமுங்க" என்று உள்ளே போய்விடுவேன். கதவுக்குப் பின்னால் நின்று அழுதிருக்கிறேன். அதுமுதல் மகள் விஷயத்தில் நங்கை எது சொன்னாலும் என் கண்ணால் பார்க்காமல் நம்புவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

ஜூன் வந்தது. மூத்தவனை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட்டால்தான் அப்போது பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்கள். போன வருஷமே அழைத்துப் போய், காது எட்டாமல் திருப்பி அனுப்பப்பட்டோம். அதன் பிறகு தினமும் காலையில் அவனை நிறுத்தி, "தொடு சாமி, தொடு" என்பதே எனக்கு வேலையாக இருந்தது. கையைப் பிடித்து இழுத்தும் பார்த்தேன். "காதை வேணா கொஞ்சம் மேல தூக்கி ஒட்டிரலாமா?" என்று கேட்டார் அவன் அப்பா. இந்த வருஷம் காதையே மடக்கிப் பிடிக்கிற அளவுக்குக் கை வளர்ந்திருந்தது.

பள்ளிக்கூடம் மேலே ரோட்டோரம். வீட்டின் பக்கவாட்டில் கல் பதித்த ஒற்றையடிப் பாதை செங்குத்தாக ரோட்டுக்கு ஏறும். முதல் நாள் அவனுக்கு எண்ணெய் வைத்துத் தலைசீவி, திருநீறு பூசி, சிலேட்டைக் கையில் கொடுத்தேன். மகள் அவள் அப்பாவின் கையில் இருந்தாள். அண்ணன் கிளம்புவதைப் பார்த்து அவள் துள்ளினாள். "நல்லபடியா போயிட்டு வாங்க. திரும்பிப் பாக்காமப் போங்க" என்றார் நங்கை. மகனின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். பின்னால் அவள் அழுவது கேட்டது. பிறகு அழுகை நின்றுபோனது. அப்பா எதையாவது காட்டிச் சமாதானம் செய்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு வேகமாக ஏறினேன்.

மகன் காதைத் தொட்டான். வாத்தியார் சிரித்துக்கொண்டே பெயரை எழுதிக்கொண்டார். என் கையை உதறிவிட்டு உள்ளே ஓடியவன் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. இதற்காகத்தானே ஒரு வருஷம் பறந்தேன்? ஆனாலும் வெறுங்கையோடு ரோட்டில் நிற்கப் பிடிக்கவில்லை. இறங்கி வீட்டுக்கு ஓடினேன்.

வாசலில் என் வீட்டுக்காரரும் நங்கையும் திருட்டு முழி முழித்துக்கொண்டு நின்றார்கள். மகள் கீழே உட்கார்ந்து கல்லைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"புள்ள நடந்துட்டா" என்றார் என் வீட்டுக்காரர்.

நான் நங்கையைத்தான் பார்த்தேன். "மறுபடியும் ஆரம்பிச்சுட்டீங்களா?"

"சத்தியமா கண்ணு. நீங்க ஏறுனீங்களா, இவ கையில நிக்கல, தம்பி கீழ விட்டான். பாதை வரைக்கும் நகந்தே போயிட்டா. மேல ஏற முடியல. கல்லப் புடிச்சா, எந்திரிச்சா, உங்க பின்னாலயே ஏறுனா. நாலஞ்சு கல்லு ஏறிட்டா சாமி!"

"நான் முன்னால போயிட்டிருந்தனே! ஒரு குரல் குடுக்க வாயில்லியா?"

நங்கை தலையைக் குனிந்துகொண்டார். "முதமுதலா பள்ளிக்கூடம் போறவனப் பின்னாலிருந்து எப்படிக் கூப்பிடறது கண்ணு?"

என் வீட்டுக்காரர், "நான் கூப்பிடத்தான் பாத்தேன் புள்ள. அக்கா என் வாயைப் பொத்திட்டா" என்றார். அவர் கன்னத்தில் நங்கையின் விரல் பட்ட மாவு இன்னும் இருந்தது. மூத்தவன் பள்ளிக்கூடம் போகிற நாளுக்கான பலகாரத்துக்கு விடிந்ததிலிருந்தே அரிசி அரைத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. எத்தனை மாசம் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டு கிடந்தவள் நான்! எனக்குப் பின்னாலேயே அவள் நடந்திருக்கிறாள், எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், என் முதுகு மட்டும் அங்கே இருந்திருக்கிறது. அது நிஜமா என்பதும் எனக்குத் தெரியாது. போன தடவையும் இதே வாசலில் இதே வாய்தான் சொன்னது.

"நடடி கண்ணு. அம்மா பாக்கறேன், நட." நிறுத்தினேன், உட்கார்ந்தாள். வெல்லம் காட்டினேன், உட்கார்ந்தபடியே கையை நீட்டினாள். கெஞ்சினேன், மிரட்டினேன். சர்ரென்று மிளகு மரம் வரை வழுக்கிப் போய் அங்கிருந்து கத்தினாள். தூக்கி வந்து பாதையின் அடியில் விட்டேன். என்னைப் பார்த்துச் சிரித்தாளே தவிர எழுந்திருக்கவில்லை.

"நீ முன்னால நின்னா அவ எதுக்கு எந்திரிக்கறா?" என்றார் நங்கை. "பேசாம மேல ஏறு. போற மாதிரி போ."

வேறு வழியில்லாமல் ஏறினேன். இரண்டு கல் ஏறியதும் பொறுக்கவில்லை, திரும்பினேன். அவள் கல்லைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்திருந்தாள். என் முகத்தைக் கண்டதும் பொத்தென்று உட்கார்ந்து, தூக்கு என்று இரண்டு கையையும் நீட்டினாள்.

"அவசரக் குடுக்கை!" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

மறுபடியும் திரும்பி ஏறத் தொடங்கினேன். இந்தத் தடவை பல்லைக் கடித்துக்கொண்டேன். முதல் கல், அடுத்த கல். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. கழுத்து தானாகத் திரும்பத் துடித்தது. எதிரே ரோட்டோரத்து மரத்தையே பார்த்துக்கொண்டு ஏறினேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முன்னே ஒருத்தன் கையை உதறிவிட்டுப் போய்விட்டான், பின்னே ஒருத்தி வருகிறாளா இல்லையா என்றே தெரியவில்லை. அப்போது கேட்டது, ஈரக் கல்லில் வெறும் பாதம் படுகிற சத்தம். ஒன்று. கொஞ்சம் இடைவெளி. இன்னொன்று. புஸ் புஸ்ஸென்று மூச்சு. கீழே இருந்த இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

புடவையின் பின்கொசுவம் இறுகியது. சின்னக் கை ஒன்று அதைக் கொத்தாகப் பிடித்து இழுத்தது. நான் திரும்பவில்லை. அவளுக்குத் தோதாக மெதுவாக அடுத்த கல்லில் காலை வைத்தேன்.