அகஸ்டின் வாத்தியார் கேட்ட பர்மாச் செய்தி

உலகத்துச் செய்தியெல்லாம் தெரிந்து, தன் வீட்டுச் செய்தி மட்டும் தெரியாத ஒருவரை விஷயம் தெரிந்தவர் என்று சொல்லலாமா? சாந்தோம் அகஸ்டின் வாத்தியாரைப் பற்றி அவர் தெரு அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அவரும் நம்பினார்.

பூகோள வாத்தியார். யுத்தம் தொடங்கிய வருஷம் ரேடியோ வாங்கினார். மின்சார இணைப்பு இயேசுவின் திரு இருதயப் படத்துக்குக் கீழேதான் இருந்தது. அங்கே எரிந்த மெழுகுவர்த்திகள் ஜன்னலுக்குப் போயின. அந்த இடத்தில் பெட்டி உட்கார்ந்தது. ஏழு மணிச் செய்தியோடு மோதியதால் தினசரிக் குடும்பச் செபமாலை சனிக்கிழமைக்கு மட்டும் என்றாயிற்று.

"செபம் எங்கேயும் ஓடிப் போயிடாது" என்று மனைவி மர்சலினின் வாயை அடைத்தார்.

கேட்ட செய்தியை வைத்து அவர் செய்ததெல்லாம் சுவரில் தொங்கிய தேசப்படத்தில் ஊசிகளை நகர்த்தியதுதான். அதற்கே யுத்தத்தை நடத்திவிட்டு வந்தவர்போல் பெருமூச்சு விடுவார். கச்சேரி ரோட்டு ஜவுளிக்கடை மாணிக்கவாசகம், திருநெல்வேலிக்காரர், செய்தி கேட்க வரும்போது வாசலிலேயே ஆரம்பிப்பார்.

"என்ன சார்வாள், பர்மா மாந்தலேக்கு இன்னிக்கு உடம்பு எப்படி இருக்கு?"

"கேலி பண்ணாதீங்க அண்ணாச்சி. நிலைமை ரொம்ப மோசம்" என்பார் வாத்தியார். மோசம் என்று சொல்வதில் அவருக்கு ஒரு ருசி.

நாற்பத்திரண்டு ஜூனில் ஒரு திங்கட்கிழமை, ரங்கூனில் குமாஸ்தாவாக இருந்த தம்பி வில்லியம் எலும்பும் தோலுமாக வந்து நின்றான். தாயில்லாத மகள் ஆறு வயது நோராவுக்கும் தனக்கும் கப்பலில் இடம் கேட்டிருப்பதாக முன்பு எழுதியிருந்தான். இடம் கிடைக்காமல் காட்டு வழியே நடந்து வந்திருந்தான். தனியாக.

"அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்..."

"இருடா, பர்மாவைப் பத்தித்தான் சொல்றான்" என்று பெட்டியைக் காட்டிக் கையைத் தூக்கினார் அண்ணன்.

மறுநாளும் அதே கதை. வில்லியம் அடுக்களையில் அண்ணியிடம் சொல்லி அழுதான். மர்சலின் கணவரிடம் வந்து சொன்னாள். தேசப்படத்தைப் பார்த்தபடியே அவர் "உம்" கொட்டினார். கல்நெஞ்சு என்று நினைத்துக்கொண்டு அவள் போய்விட்டாள். குழந்தை பின்னால் கப்பலில் வருகிறாள் என்று வாத்தியார் தாமாகவே முடிவு கட்டியிருந்தார். ரங்கூன் ஜப்பானியரிடம் விழுந்த அன்று, இனி அங்கிருந்து கப்பல் இல்லை என்று அந்தத் துறைமுகத்தில் ஊசி குத்தியவரும் அவரேதான்.

சனிக்கிழமை எல்லோரும் முழங்காலிட்டார்கள். செபமாலை முடிவில் அவர் கனிவோடு சொன்னார்: "கப்பலில் வந்துகொண்டிருக்கும் நம்ம நோரா சுகமாய் வந்து சேர, ஒரு பரலோக மந்திரம்."

வில்லியம் எழுந்து தேசப்படத்தின் அருகே போனான். ஊர்ப்பெயரோ ஊசியோ இல்லாத ஒரு பச்சை இடத்தில் விரலை வைத்தான்.

"இங்க அண்ணே. பேதி. நான்தான் குழி வெட்டினேன். திங்கக்கிழமையிலேருந்து சொல்லிக்கிட்டிருக்கேன்."

"சார்வாள், செய்தி ஆரம்பிச்சிருக்குமே?" என்று வாசலில் மாணிக்கவாசகத்தின் குரல் கேட்டது.

அடுத்த வாரம் வில்லியம் பெங்களூருக்குப் போய்விட்டான். அதன்பின் கிறிஸ்துமஸுக்கு ஒரு கார்டு வரும், அவ்வளவுதான்.

வாத்தியார் அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு ரேடியோவைத் திருகவே இல்லை. விற்கவும் இல்லை. மெழுகுவர்த்திகளைப் பழைய இடத்தில் வைக்கட்டுமா என்று மர்சலின் கேட்டபோது தலையை ஆட்டி மறுத்தார்.

"பெட்டி ரிப்பேரா சார்வாள்?"

"நல்லாத்தான் இருக்கு."

ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் தபாலாபீஸில் வரிசையில் நின்று கேட்காத அந்த ரேடியோவின் லைசென்ஸைத் தவறாமல் புதுப்பித்து வந்தார். ஏன் என்று மர்சலின் இரண்டு தடவை கேட்டாள். அவர் ரசீதை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தார்.