காலில் உப்பு, முதுகில் கை

எண்ணூர்க் கழிமுகத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பெனி துரைகள் மோட்டார் படகு விடுவார்கள். படகின் பின்னால் நீளமாக ஒரு கயிறு. காலில் இரண்டு பலகைகளை மாட்டிக்கொண்டு, அந்தக் கயிற்றைப் பிடித்தபடி ஒருவர் தண்ணீர்மேல் நின்று வழுக்கிக்கொண்டு போவார். அதைப் பார்க்க எங்கள் குப்பமே கரையில் கூடும். என் அண்ணனுக்குப் படகில் கயிறு பார்க்கும் வேலை.

அன்று துரை அவனையே பலகையில் நிற்கச் சொன்னார். இடுப்பில் கட்டிக்கொள்ளத் தக்கை வைத்த பட்டையை நீட்டினார்.

"இது இன்னாத்துக்கு தொரை? நான் கடல்லயே பொறந்தவன்" என்று அண்ணன் அதைப் படகிலேயே போட்டுவிட்டான். கரையில் சிரிப்பு.

இரண்டாவது சுற்றில் விழுந்தான். கழன்ற பலகை எழும்பி அவன் பின்தலையில் அடித்தது. அவன் கையைக்கூட ஆட்டவில்லை. முகம் தண்ணீருக்குள், முதுகு மட்டும் மேலே. நீந்தத் தெரிந்தவனும் நினைவு இருந்தால்தானே நீந்துவான்? படகில் ஏற்றிக் கரைசேர்த்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு இல்லை.

எங்கள் பக்கத்தில் மூழ்கியவனை உப்பில் புதைப்பார்கள். உடம்பில் போன தண்ணீரை உப்பு இழுத்துவிடும் என்பது நம்பிக்கை. உப்பளம் அருகிலேயே இருந்ததால் கூடைகள் உடனே வந்துவிட்டன.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்போது ஆசிரியப் பயிற்சியில் இருந்தேன், மூச்சு நின்றவருக்கு மூச்சு வரவைக்கும் முதலுதவியும் பாடம். தோழியின் முதுகில் பழகியதை அண்ணன் முதுகில் செய்ய மண்டியிட்டேன். அவனைக் குப்புறக் கிடத்தி, வாயிலிருந்த சேற்றை விரலால் எடுத்தேன். முதுகை அமுக்கித் தளர்த்தினேன், முழங்கைகளைத் தூக்கி இறக்கினேன், மறுபடி அமுக்கினேன்.

"நகருடி, புள்ளைய உப்புல போடணும்" என்று அம்மா என் தோளைப் பிடித்து இழுத்தாள்.

"கால்ல போடும்மா. முதுக எனக்கு வுடு."

நான் அமுக்க அமுக்க அம்மா அவன் கால்களை உப்பால் மூடினாள். என் கைகள் மரத்துப்போன நேரத்தில் அவன் தொண்டையில் ஒரு சத்தம். பிறகு இருமல், வாந்தி, மூச்சு.

"உப்பு காப்பாத்திடுச்சு" என்றாள் அம்மா. கூட்டம் முழுக்க அதையே சொன்னது.

சற்று நேரத்தில் அண்ணன் எழுந்து உட்கார்ந்து டீ கேட்டான். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன்.

"நல்லாத்தான கீறேன், டீச்சரம்மா. வூட்டுக்குப் போலாம்."

இரண்டு சொல்லுக்கு ஒருமுறை அவனுக்கு மூச்சு வாங்கியது. நெஞ்சில் போன தண்ணீர், எழுந்து உட்கார்ந்தவனையும் பிறகு மூச்சடைத்துக் கொல்லும். டாக்டர் பார்க்கும்வரை விடக்கூடாது என்பது பாடம். தலையில் அடி வேறு. அதைச் சொன்னேன்.

"அதான் உப்பு இழுத்துடுச்சேம்மா. இன்னும் இன்னா தண்ணி?" என்றார் நைனா.

உப்பு இல்லை, என் கைகள் என்று சொல்ல நாக்குவரை வந்தது. சொன்னால் வாக்குவாதம்தான் வளரும். அண்ணனின் மூச்சு அதற்குக் காத்திருக்காது.

"உப்புதான் நைனா காப்பாத்துச்சு. ஆனா கால்லதான போட்டோம்? கால்ல கீற தண்ணிய இழுத்துடுச்சு. நெஞ்சுல போனது அப்படியே கீது."

நைனா அவன் காலைப் பார்த்தார். பிறகு நெஞ்சைப் பார்த்தார்.

"தொரைகிட்ட வண்டி கேளு" என்றார்.

திருவொற்றியூர் தாண்டும்போதே அண்ணனுக்கு மூச்சு கரகரத்தது. வாயோரம் நுரை தள்ளியது. ராயபுரம் ஆஸ்பத்திரியில் இறக்கியதும் பிராணவாயு வைத்தார்கள். வீட்டுக்குப் போயிருந்தால் எங்கே கொண்டுபோயிருப்போம் என்று வண்டியில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

அண்ணன் பிழைத்து வந்தான். பட்டை கட்டாமல் இப்போது பலகையைத் தொடுவதில்லை. கேட்கிறவர்களுக்கு, காலுக்கு உப்பு, நெஞ்சுக்கு ஆஸ்பத்திரி என்று சொல்கிறான். குப்பத்தில் அதுவே வழக்கமாகிவிட்டது. நான் திருத்தவில்லை. யாராவது மூழ்கினால் இன்றும் கூடையோடு உப்பளத்துக்குத்தான் ஓடுகிறார்கள். ஓடும் வழியில் எங்கள் வீட்டுக் கதவையும் தட்டிவிட்டுப் போகிறார்கள்.