என் பெயரை எடுத்துவிட்டார்கள்!

இன்று மதியம் டே-கேரில் இருந்து ஒரு போன்...

"சுபா, மோளுக்கு நல்ல சூடுண்டு. வேகம் வரணே!"

மகளுக்கு ஜுரம் என்கிற அந்த ஒரு வரி மலையாளம் போதும், எனக்குக் கை கால் ஓடாது.

ஆனால் இன்று சாயங்காலமே கிளையன்டுக்குப் போக வேண்டிய வேலை ஒன்று என் தலையில். பஸ் டிக்கெட் எடுத்தவர்கள் பயணத் தேதியை மாற்றிக்கொள்ளும் பக்கம். பிரசவ லீவு முடிந்து வந்தபின் எனக்கென்று தனியாகக் கொடுத்த முதல் வேலை!

இதில் சொதப்பினால் யாரும் திட்ட மாட்டார்கள். அடுத்த முறை தராமல் விட்டுவிடுவார்கள். என் பயமே அதுதான்.

எங்கள் ஆபீஸில் எல்லா வேலையும் ஒரு ப்ராஜெக்ட் சாஃப்ட்வேரில் இருக்கும். பெரிய வேலை டாஸ்க். அதைப் பிரித்துக் கீழே போடும் துண்டு வேலைகள் சப்டாஸ்க். மற்றவர்கள் 'பக்கத்தைச் செய்', 'டெஸ்ட் செய்' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

நான் கீரை ஆய்வது போல ஆய்ந்து வைப்பேன்!

'நேற்றைய தேதியைக் கொடுத்தால் என்ன சொல்கிறது, பார்.'

'புதுத் தேதியில் சீட் இல்லையென்றால் காட்ட வேண்டிய செய்தியை எழுது.'

'சின்ன போனில் பட்டன் பாதி வெட்டுப்படுகிறதா, பார்.'

ஒவ்வொன்றுக்குள்ளும் எந்த ஃபைல், எதுவரை முடித்தேன், அடுத்து எங்கே தொட வேண்டும் என்று இரண்டு வரி வேறு.

பக்கத்து சீட் அனூப்புக்கு இது தினசரி காமெடி.

"எந்தா சுபா, தண்ணி குடிக்கறதுக்கும் சப்டாஸ்க் போட்டோ?"

"போட்டாச்சு. பாட்டில் மூடி திறக்கறது தனி சப்டாஸ்க். வேணும்னா நீ எடுத்துக்கோ!"

காரணத்தை அவனிடம் சொன்னதில்லை. குழந்தை பிறந்ததில் இருந்து எனக்கு எதுவும் ஞாபகம் நிற்பதில்லை. வீட்டில் வேலை பார்க்கையில் அவள் அழுகிறாள் என்று எழுந்து போய்த் திரும்பினால், எந்த வரியில் விட்டேன் என்றே தெரியாது. மறந்துபோகப்போகிற எனக்கு, மறப்பதற்கு முன் நானே எழுதி வைக்கும் வழிக்குறிப்பு அது.

சரி, இன்றைக்கு வருவோம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறியதும் டீம் லீட் பிந்து சேச்சியைக் கூப்பிட்டேன்.

"சேச்சி, லேப்டாப் கையிலதான் இருக்கு. டாக்டர் கூப்பிடற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்து முடிச்சிடறேன்."

"லேப்டாப் தொறந்தா உன்னை நான் கொல்லும்! போயி குட்டியைப் பாரு."

கட் செய்துவிட்டார்.

டாக்டர் அறை வாசலில் உட்கார்ந்தேன். மடியில் குழந்தை அனலாய்க் கொதிக்கிறாள். போன் அதிர்ந்தது. ஒரு சப்டாஸ்க்கில் இருந்து என் பெயரை எடுத்திருக்கிறார்கள்.

மறுபடி அதிர்ந்தது. இன்னொன்றில் இருந்தும்.

அடுத்ததில் இருந்தும்!

அவ்வளவுதான், இனி நமக்கு வேலை தர மாட்டார்கள் என்று கண் கலங்கிவிட்டது. அதற்குள் சாலை மார்க்கெட்டில் இருந்து, கடையைப் பாதியில் விட்டு என் கணவர் ஓடி வந்தார்.

"டாக்டர் என்ன சொன்னாவ?"

"இன்னும் கூப்பிடலைங்க. ஆபீஸ்ல என் வேலையைப் பிடுங்கிட்டாங்க..."

போனை வாங்கிப் பார்த்தார்.

"கண்ணத் தொடச்சிட்டுப் பாரு சுபா. எங்க பிடுங்குனாவ? ஆளுக்கொண்ணா பங்கு போட்டுல்லா எடுத்திருக்காவ!"

பார்த்தேன். 'நேற்றைய தேதி' சப்டாஸ்க்குக்குப் பக்கத்தில் அனூப்பின் போட்டோ. சீட் இல்லாத செய்திக்கு பிந்து சேச்சி. வெட்டுப்படும் பட்டனுக்கு, புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். அவளோடு நான் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை!

அப்புறம் நடந்ததை எப்படிச் சொல்வது...

ஒவ்வொன்றாக 'முடிந்தது' பக்கம் நகர்கிறது. ஒருவர்கூட என்னைக் கூப்பிட்டு 'இது எங்கே, அது என்ன' என்று கேட்கவில்லை. கேட்கத் தேவையே இருக்கவில்லை! என் மறதிக்குப் பயந்து நான் எழுதிய இரண்டு வரியைப் படித்துவிட்டு, நான் விட்ட இடத்தில் சரியாக இன்னொரு கை வந்து தொடுகிறது.

வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். (ஒரு கை போனில், ஒரு கை குழந்தையின் நெற்றியில்.)

வைரல் ஜுரம்தான், பயப்பட வேண்டாம் என்று டாக்டர் மருந்து கொடுத்து அனுப்பினார். வீட்டுக்கு வந்து பார்த்தால் கிளையன்டுக்கு எல்லாம் போய்விட்டது. ஆனால் மேலே என் டாஸ்க் மட்டும் மூடவில்லை! கீழே ஒரு சப்டாஸ்க் பாக்கி இருந்தாலும் அதை மூட முடியாது. எதை விட்டேன்?

திரையைக் கீழே இறக்கிக்கொண்டே போனேன். நான் போடாத ஒன்று.

'சுபாவின் மகளுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று கேள்.' போட்டவன் அனூப்.

கமென்ட்டில் எழுதினேன்: "சூடு இறங்குது. ரெண்டு வாய் கஞ்சி குடிச்சா."

மறு நிமிடம் அது முடிந்ததாகப் பச்சை காட்டியது. என் டாஸ்க்கும் பச்சை! அதன் கீழே பிந்து சேச்சி: "அடுத்த வேலையும் நீதான் பிரிக்கணும், கேட்டோ."

மகள் தூங்குகிறாள். நான்தான் இன்னும் அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான் இல்லையென்றால் எல்லாம் நின்றுபோகும் என்று இத்தனை மாதம் பயந்தேனே, ஒன்றுமே நிற்கவில்லை!

(நிற்கவில்லையே என்று துளியூண்டு வருத்தமும் இருக்கிறது. அம்மாக்களே, உண்மையைச் சொல்லுங்கள், உங்களுக்கும் இப்படித்தானா?)