மைக் இல்லாத ரேடியோ

என் வீட்டுக்காரரோட குரலுக்குத்தான் துறைமுகத்துல சம்பளம் கொடுத்தாங்க. வெளிய நங்கூரம் போட்டு நிக்கிற கப்பல்களை வயர்லெஸ்ல கூப்பிட்டு, எப்ப உள்ள வரணும், எந்தப் பக்கமா வரணும்னு சொல்லுற வேலை. வீட்டுக்கு வந்தாலும் அதே கதைதான். மாடி அறையில ஹாம் ரேடியோ, அதான் பொழுதுபோக்குக்கு வீட்டுல இருந்தே ஊர் ஊராப் பேசுற செட்டு, வச்சிருந்தாரு. லைசென்ஸ் வாங்கி முப்பது வருசத்துக்கு மேல இருக்கும். தினமும் காலையில ஏழு மணிக்கு மதுரை, நாகர்கோவில், கோயம்புத்தூர்னு எட்டுப் பத்துப் பேரு ஒரே அலைவரிசையில கூடுவாங்க. அதுக்கு நெட்டுன்னு பேரு. கூடி என்ன பெருசாப் பேசிருவாங்க? இங்க மழை, நேத்து கரண்ட் இல்ல, ஆன்டெனா அறுந்துட்டு, உங்க சிக்னல் அருமையா இருக்கு. எனக்கு எரிச்சலா வரும். "ஏங்க, இட்லி ஆறுது! கோயம்புத்தூர்ல மழை பெய்ஞ்சா நீங்க இங்கன குடை பிடிக்கப் போறீங்களா?"ன்னு கீழ இருந்து கத்துவேன். அதுவும் மைக்குல போயிரும். நெட்டே சிரிக்கும்.

அந்தக் குரலைத்தான் ஆஸ்பத்திரியில அறுத்து எடுத்தாங்க. தொண்டையில புற்று. குரல்வளையோட எடுத்தாத்தான் ஆளு பிழைக்கும்னாங்க. சரின்னு கையெழுத்துப் போட்டது நான். கழுத்துல ஒரு ஓட்டை வச்சு, மூச்சு இனிமே அது வழியாத்தான்னு சொல்லி அனுப்பிட்டாங்க. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க வச்சிருக்கிற சிலேட்டு ஒண்ணு வாங்கிக் கொடுத்தேன். முதல்ல எழுதுனது, "ஏளா, அழாத." நான் அதைப் பார்த்துத்தான் இன்னும் அழுதேன். கழுத்துல வச்சு அழுத்துனா பேசுற மெஷின் ஒண்ணும் வாங்கினோம். ஒரே ஒரு தடவை பேசிப் பார்த்தாரு. தகரத்தைச் சுரண்டுற மாதிரி ஒரு சத்தம். டப்பாவுல போட்டு மூடி வச்சவருதான், அதுக்கப்புறம் தொடல.

ஆபரேசனுக்கு முன்னாடியே நல்ல ரேடியோவை வித்துட்டாரு. "இனிமே அது எனக்கு எதுக்கு?"ன்னாரு. நெட்டுல இருக்கிறவங்ககிட்ட, பெங்களூருக்கு மக வீட்டுக்குப் போறேன், கொஞ்ச நாள் வரமாட்டேன்னு பொய் சொல்லி வச்சிருந்தாரு. என்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டாரு. "தெரிஞ்சா ஒவ்வொருத்தனா ஆரஞ்சுப் பழத்தோட வந்து நிப்பானுவ. பாவம்னு பார்ப்பானுவ. எனக்கு அது ஆகாது." தொண்டை கரகரக்க அவரு என்கிட்ட நீளமாப் பேசுன கடைசிப் பேச்சு அதுதான்னு நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும், ஒரு சின்ன ரிசீவர் கிடந்துச்சு, கேக்க மட்டும்தான் முடியும், அதை எடுத்து வச்சுக்கிட்டாரு. ஏழு மணியானா முன்னால உட்கார்ந்துருவாரு. நெட்டு முடியுறப்ப ஒருத்தர், "தூத்துக்குடி அண்ணாச்சி வந்துட்டீங்களா?"ன்னு கேப்பாரு. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துட்டு, "இன்னும் வரல போல"ன்னு முடிப்பாங்க. இவரு இங்கன வாயைத் திறந்து திறந்து மூடுவாரு. நான் அடுப்படியில போயி நின்னுக்குவேன். போகப் போக அந்தக் கேள்வியும் நின்னு போச்சு.

ஒரு நாள் காப்பி டம்ளர்ல விரலால தட்டிக்கிட்டே இருந்தாரு. "என்ன, தாளம் போடுறீங்களா?"ன்னேன். சிலேட்டை எடுத்து "மோர்ஸ்"ன்னு எழுதுனாரு. அந்தக் காலத்துத் தந்தி பாஷை, ஒவ்வொரு எழுத்துக்கும் குட்டையும் நீளமுமா தட்டுறது. அதுக்கப்புறம் எழுதி அழிச்சு, எழுதி அழிச்சு, ஒரு பெரிய திட்டமே சொன்னாரு. அந்தக் கூட்டத்துல எல்லாரும் மோர்ஸ் பரீட்சையில பாஸ் பண்ணி லைசென்ஸ் வாங்குனவங்க. குரல் இல்லன்னா என்ன, விரல் இருக்குல்லா? ஒண்ணும் சொல்லாம ஒரு நாள் காலையில நெட்டுல போயி கடகடன்னு அடிச்சா, "அட, நம்ம அண்ணாச்சி"ன்னு எல்லாரும் அசந்து போவாங்க. பழைய ஆளாவே போயி உட்கார்ந்துரலாம். யாரும் பாவம் பார்க்க மாட்டாங்க. எழுதுறப்ப அவரு முகத்துல இருந்த களை இருக்கே, அதைப் பார்த்து மாசக் கணக்காச்சு. எனக்கு அது போதும்னு இருந்துச்சு.

புது செட்டு வாங்க வழியில்ல. விலை குறைஞ்ச கிட்டு ஒண்ணு தபால்ல வரவழைச்சாரு. கிட்டுன்னா, ஒரு பச்சைப் பலகையும் பொட்டலம் பொட்டலமா சாமானும். நாமதான் பத்த வச்சு ரேடியோ ஆக்கணும். ஆனா ஆபரேசன்ல நரம்பு ஒண்ணு போயிட்டதால அவருக்கு வலது தோள் தூக்க வராது, கையை அந்தரத்துல பிடிச்சு வேலை செய்ய முடியாது. அப்ப யாரு செய்ய? நான்தான். ரத்தப் பரிசோதனை லேப்ல வேலை எனக்கு. இருபது வருசமா நரம்பைத் தேடி ஊசி குத்துன கை. ஈயம் உருக்கி ஒட்டுறது அதை விடப் பெரிய வித்தையான்னு கொஞ்சம் திமிராத்தான் உட்கார்ந்தேன்.

முதல் நாளே மூணு இடத்துல சுட்டுக்கிட்டேன். மத்தியானம் லேப் முடிஞ்சு வந்து மாடியில உட்காருவோம். அவரு படம் போட்டுக் காட்டுவாரு, நான் ஒட்டுவேன். தப்புப் பண்ணினா மேசையில படார்னு அடிப்பாரு. "வாயில்லன்னாலும் திட்டுறது மட்டும் குறையல"ன்னு நானும் விட மாட்டேன். சட்டைப் பட்டன் அளவுல வளையம் வளையமா இருக்கும், அதுல முடி மாதிரி கம்பியை எண்ணி எண்ணிச் சுத்தணும். பாதியில கீழ மீன்காரி கூப்பிடுவா, எண்ணிக்கை போயிரும். அவுத்து மறுபடியும் சுத்தணும். மூணாவது தடவை கம்பி அறுந்ததும், "நீங்களே சுத்திக்கோங்க"ன்னு வீசிட்டுக் கீழ வந்துட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு மனசு கேக்காம மேல போனா, வளையத்தைப் பல்லுல கடிச்சுக்கிட்டு இடது கையால சுத்திக்கிட்டிருக்காரு. அதை வாங்கி நானே சுத்திக் கொடுத்தேன்.

எல்லாம் முடிச்சு சுவிட்சைப் போட்டா, செட்டு ஊமை. ஒரு வாரம் தேடுனோம். கடைசியில, ஒரு கம்பி நுனியில பூச்சைச் சுரண்டாம நான் ஈயம் வச்சிருந்தேன். மேல பார்த்தா பளபளன்னு ஒட்டியிருக்கு, உள்ள தொடர்பே இல்ல. சுரண்டி வச்சதும் சளசளன்னு உலகமே உள்ள வந்துச்சு. அவரு என் தலையில கையை வச்சு ஒரு ஆட்டு ஆட்டுனாரு. அதை நான் மறக்கவே மாட்டேன்.

ஆனா அந்த கிட்டு பேசுறதுக்குன்னு செஞ்சது. மோர்ஸுக்கு அதுல வழி கிடையாது. அதனால பீப் சத்தம் உண்டாக்குற சின்ன சர்க்யூட் ஒண்ணு தனியா செஞ்சு, மைக் சேருற இடத்துல அதைச் சேர்க்கணும். மோர்ஸ் தட்டுற கட்டையை அழுத்துனா பீப் போகும், விட்டா நிக்கும். "மைக்கும் இருக்கட்டுமே, ஒரு சுவிட்ச் வச்சு ரெண்டையும் வச்சுக்குவோம்"னு நான் சொன்னேன். அவரு சிலேட்டுல எழுதுனாரு: "யாரு பேச?"

எனக்கு அப்படிக் கோவம் வந்துச்சு. எத்தனை வருசமா "நீயும் பரீட்சை எழுது, லைசென்ஸ் வாங்கு, ரெண்டு பேரும் பேசலாம்"னு கெஞ்சியிருப்பாரு! "எதுக்கு, ஊர் வம்பு பேசவா? அதுக்குத் தெருக்குழாய் இருக்கு"ன்னு சிரிச்சுட்டுப் போனவ நான். யாரு பேசன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல? "சரி, வேண்டாம்னா வேண்டாம்"னு கட்டரை எடுத்து மைக் வயரை நானே நறுக்கிட்டேன்.

மாடியில ஆன்டெனா இணைப்பெல்லாம் உப்புக் காத்துல பச்சை பிடிச்சுக் கிடந்துச்சு. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு அதையும் சரி பண்ணினேன். ஒரு திங்கக்கிழமை நாள் குறிச்சாரு. அன்னைக்குக் காலையில குளிச்சு, கழுத்து ஓட்டையைச் சுத்திப் பார்த்துப் பார்த்து சவரம் பண்ணி, அயர்ன் பண்ணுன சட்டை போட்டு உட்கார்ந்தாரு. ரேடியோவுல சட்டை யாருக்குத் தெரியும்? நான் கேலி பண்ணல.

ஏழு மணி. மதுரையில இருக்கிற தம்பிதான், இவரோட கூட்டாளி, நெட்டை நடத்துவாரு. பொறப்புல அவரும் தூத்துக்குடிதான். இவரும் அவரும் ஒண்ணா உட்கார்ந்து மோர்ஸ் படிச்சு, ஒரே நாள்ல பரீட்சை எழுதுனவங்க. என் கையால மீன் குழம்பு சாப்பிட்டதுக்குக் கணக்கே கிடையாது. எல்லாரையும் வரிசையாக் கேட்டு முடிச்சுட்டு, "வேற யாரும் இருக்கீங்களா?"ன்னாரு. இவரு என்னை ஒரு பார்வை பார்த்துட்டு கட்டையை அழுத்துனாரு. லைசென்ஸுல தனக்குன்னு கொடுத்த அழைப்புக்குறி, காலை வணக்கம். துறைமுகத்துல கப்பல்களோட பேசுற மாதிரி அதே வேகம், கடகடன்னு. விட்டாரு.

நான் செட்டுப் பக்கமா குனிஞ்சு காதை வச்சேன்.

"யாரோ செட்டை ட்யூன் பண்ணுதாங்க. பொறுத்துக்குவோம்"னாரு மதுரைத் தம்பி.

இவரு மறுபடி அடிச்சாரு. "ஏதோ மோர்ஸ் மாதிரி இருக்கே?"ன்னுச்சு ஒரு குரல். "மோர்ஸுன்னா அதுக்குன்னு கீழ வேற அலைவரிசை இருக்குல்லா, இங்கன வந்து எதுக்கு அடிக்கான்?"ன்னுச்சு இன்னொண்ணு. மூணாவது தடவை அடிச்சப்ப மதுரைத் தம்பி, "வேணும்னே கெடுக்கான். எல்லாரும் அலைவரிசையை மாத்தி அஞ்சு கிலோஹெர்ட்ஸ் மேல வந்துருங்க"ன்னாரு. டக்குன்னு எல்லாக் குரலும் காணாமப் போச்சு.

இவரு இடது கையால குமிழைத் திருப்பித் திருப்பி அவங்களைத் தேடிக் கண்டுபிடிச்சாரு. திரும்ப அடிச்சாரு. "இங்கனயும் பின்னாலயே வந்துட்டான்யா! சரி, இன்னைக்கு இதோட போதும், நாளைக்குப் பார்ப்போம்." ஒவ்வொருத்தரா வணக்கம் சொல்லிட்டுக் கிளம்பிட்டாங்க.

"ஏலே, அது உங்க அண்ணாச்சிலே! கூறு கெட்டவனுவளா!"ன்னு நான் செட்டைப் பார்த்துக் கத்துனேன். அது யாருக்குக் கேக்கும்? லைசென்ஸ் இல்லாம நான் பேசக் கூடாதுதான். மைக் இருந்திருந்தா பேசியிருப்பேன், சத்தியமாப் பேசியிருப்பேன். செல்லை எடுத்து மதுரைக்கு அடிக்கப் போனேன். இவரு என் மணிக்கட்டை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாரு. சிலேட்டுல, "சொன்னா என் மூஞ்சில முழிக்காத"ன்னு எழுதுனாரு. கல்யாணமான நாள்ல இருந்து அவரு சொன்ன ஒரு பேச்சையும் உடனே கேட்டதில்ல நான். அன்னைக்குன்னு பார்த்துக் கேட்டேன்.

மோர்ஸ் ஆளுங்க இருக்கிற இடத்துக்குப் போயி ரெண்டு நாள் அடிச்சுப் பார்த்தாரு. ஜப்பான்ல ஒருத்தர், ரஷ்யாவுல ஒருத்தர் பதில் கொடுத்தாங்க. பேரு, ஊரு, சிக்னல் எப்படி, அதோட சரி. "எப்படியாவது ஆளு கிடைச்சாங்கல்லா"ன்னு நான் சந்தோஷப்பட்ட மாதிரி காட்டிக்கிட்டேன். "இவங்க யாரு எனக்கு?"ன்னு எழுதுனாரு. மூணாம் நாள் செட்டு மேல ஒரு துண்டைப் போட்டு மூடிட்டாரு. சின்ன ரிசீவரையும் அதுக்கப்புறம் வைக்கல. ஏழு மணியானா வாசல்ல நாற்காலி போட்டு உட்கார்ந்து தெருவைப் பார்ப்பாரு. அந்தத் திங்கக்கிழமையில இருந்து அஞ்சாவது மாசம் நுரையீரலுக்குப் பரவிட்டுன்னாங்க. மழைக்காலம் முடியறதுக்குள்ள போயிட்டாரு.

மக சொல்லித்தான் நெட்டுக்காரங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. முப்பதாம் நாள் பூசைக்கு மதுரைத் தம்பி வந்தாரு. மாதா கோயில்ல இருந்து வந்ததும், "அண்ணாச்சி ரூம்ல கொஞ்சம் உட்காரட்டுமா மதினி?"ன்னு மாடிக்குப் போனாரு. டீ எடுத்துக்கிட்டு நானும் போனேன். துண்டை விலக்கி செட்டைப் பார்த்துக்கிட்டு நின்னாரு. "இது எப்ப செஞ்சது?"ன்னு கேட்டாரு. இனிமே எனக்கு என்ன சத்தியம்? ஒண்ணு விடாம எல்லாத்தையும் சொன்னேன். அந்தத் திங்கக்கிழமையையும் சொன்னேன்.

அவருக்கு முகத்துல ரத்தமே இல்ல. அப்படியே நாற்காலியில உட்கார்ந்துட்டாரு.

"மதினி, எனக்கு அன்னைக்கே சந்தேகம் வந்துச்சு. அழைப்புக்குறியோட கடைசி எழுத்து அண்ணாச்சியோடது மாதிரியே கேட்டுச்சு. மிச்சம் ஒண்ணும் பிடிபடல. பரீட்சைக்குப் படிச்சதோட சரி, தொட்டு முப்பது வருசமாச்சு, எல்லாம் மறந்துட்டு. அத்தனை பேரு கேட்டுக்கிட்டிருக்கான், நெட்டு நடத்துறவன் நான், எனக்கு மோர்ஸ் மறந்துட்டுன்னு எப்படிச் சொல்ல? வெக்கமா இருந்துச்சு மதினி. அதான் மேல போயிருவோம்னு சொல்லிட்டேன்."

டீ டம்ளரை அவரு மூஞ்சில வீசணும்போல எனக்கு ஆத்திரம் வந்துச்சு. அவரு அழுதுக்கிட்டிருந்தாரு. நரைச்ச தலையோட, சின்னப் பிள்ளை மாதிரி மூக்கை உறிஞ்சிக்கிட்டு. டம்ளரை மேசையில வச்சேன்.

"புரியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தம்பி"ன்னேன். "அவரு மெதுவா அடிச்சிருப்பாரே."