உம்ராணீகர் எடுத்துக் கொடுத்த பச்சை

துளசி கல்யாணம் முடிந்து முகூர்த்த சீசன் தொடங்கிவிட்டால் புணே லட்சுமி ரோட்டில் கால் வைக்க இடம் கிடையாது. அந்தக் கூட்டத்திலும் பெண்கள் உம்ராணீகரைத்தான் கேட்டு வருவார்கள். முப்பது வருஷமாக ஒரே கடையில் புடவை விரிக்கிறவர்; சின்னப் பெண்களுக்குக் காகா, அதாவது சித்தப்பா.

"பச்சைன்னா என்ன பச்சை அக்கா? கிளியா, பிஸ்தாவா, பாசிப்பயறா? நிறத்துக்கெல்லாம் பொறந்த வீடு உண்டு. தப்கிரிய எடுத்துக்கோங்க. தப்கீர்னா மூக்குப்பொடி. எங்கப்பா வேட்டி பூரா அந்த நிறம்தான்!"

பழுப்புக்கு இங்கே தப்கிரி என்றுதான் பெயர். பெண்கள் சிரிப்பார்கள், சிரித்தபடியே வேண்டியதைத் தொட்டுக் காட்டுவார்கள். அவருக்கு வேண்டியதும் அதுதான். அவர் கண்ணுக்குப் பச்சையும் தப்கிரியும் ஒன்று. எந்த அடுக்கில் எந்த நிறம் என்பது மனப்பாடம். வேலை போய்விடும் என்ற பயத்தில் இதை யாரிடமும் சொன்னதில்லை.

இந்த வருஷம் இரண்டு நாள் லீவு முடிந்து வந்தார். முதலாளியின் மருமகள் மிருணால் அடுக்குகளை நெசவு வாரியாக மாற்றியிருந்தாள். பத்து மணிக்கே ஒரு கல்யாணக் கூட்டம்.

"பச்சை வளையல் போடுற அன்னிக்குக் கட்ட, பச்சைப் புடவை," என்றாள் பெண்ணின் அம்மா சுலபா.

உம்ராணீகர் கிளி, பிஸ்தா என்று ஆரம்பித்தார். மணப்பெண் ருதுஜா போனிலிருந்து தலை தூக்கவில்லை. "நீங்களே ஒண்ணு எடுங்க காகா. அம்மா கல்யாணத்துக்கும் நீங்கதானே எடுத்தீங்க?"

பழக்கத்தில் அவர் கை முன்பு பச்சை இருந்த அடுக்குக்குப் போனது. ஒன்றை உருவி, ஒரே வீச்சில் விரித்தார்.

"என்ன காகா, மூக்குப்பொடியக் கட்டிவிடுறீங்க?" என்றாள் கூட வந்த அத்தைக்காரி. "வளையல்காரர் தும்மிட்டே வளையல் போடவா?"

மிருணால் கல்லாவிலிருந்து எழுந்து வந்தாள். இனி மறைத்து என்ன என்று உம்ராணீகர் சொல்லிவிட்டார்.

"ரெண்டும் எனக்கு ஒண்ணாத்தான் தெரியும்மா. பொறவிலேருந்தே."

சுலபா திகைத்தாள். "அப்ப என் கல்யாணப் புடவை?"

"நீங்கதான் கை காட்டினீங்க அக்கா. நான் பேர் மட்டும் சொன்னேன்."

"கொய்யா எல," என்றாள் சுலபா, கொஞ்சம் யோசித்து. "அந்தப் பேருக்காகவே எடுத்தேன்."

"முப்பது வருஷமா எங்க மாமனாரையே ஏமாத்தியிருக்கீங்க!" மிருணால் புடவையில் குத்துகிற வெற்றுச் சீட்டுகளையும் பேனாவையும் அவர் முன்னால் போட்டாள். "உக்காருங்க. நிறத்த நான் சொல்றேன், பேர நீங்க எழுதுங்க. வெறும் பச்சைன்னு எழுதினா சம்பளம் கட்."

முதல் சீட்டை, விரித்த புடவையிலேயே குத்தினார்: தப்கிரி.

ருதுஜா போனைக் கீழே வைத்தாள். "காகா, அந்தக் கொய்யா எல இப்ப இருக்கா?"

"இருக்கும்மா. எங்கேன்னு நீதான் பாத்துச் சொல்லணும்."