பார்த்துச் சொல்றேன்

ஒரு மர ஸ்கேல். மைக்கறை படிந்து, ஒரு முனை மழுங்கிப்போனது. திருவொற்றியூரில் நான் வேலை பார்த்த சரக்குக் கிடங்கு அலுவலகத்தில், எங்கள் மேடம் அதை வைத்துக் கோடு போட்டு நான் பார்த்ததே இல்லை. புத்தகத்தில் எதைத் தேடினாலும், படிக்கும் வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்துத்தான் படிப்பார்.

மேடத்தின் நாற்காலிக்குப் பின்னால் ஓர் அலமாரி. சரக்கின் பெயர் புரியாவிட்டால் அகராதி. துறைமுகம் எந்த நாட்டில் என்று தெரியாவிட்டால் உலக வரைபடப் புத்தகம். வரி எவ்வளவு என்பதற்குச் சுங்கக் கட்டணப் புத்தகம். ஆபத்தான சரக்குகளுக்கென்று சிவப்பு அட்டை போட்ட தடிப் புத்தகம் ஒன்று. எதைக் கேட்டாலும், "பார்த்துச் சொல்றேன்" என்பார். நேற்றுச் சொன்னதையே இன்று கேட்டாலும் அதே பதில்தான். அவசரக்காரனான எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் மதியம், கிடங்கில் ஒரு பீப்பாயின் மூடி இடுக்கிலிருந்து புகை வந்தது. லேபிள் கிழிந்து பெயர் போய், சரக்கு எண் மட்டும் மிஞ்சியிருந்தது. சுமை தூக்குபவர்களின் மேஸ்திரி தண்ணீர் வாளியோடு ஓடிவந்தார். சிவப்புப் புத்தகத்தோடு மேடம் குறுக்கே நின்றார்.

"இருங்க, பார்த்துச் சொல்றேன்."

"எரிஞ்சிகினு கீது, நீ இன்னாம்மா புக்கு பட்ச்சிகினு கீற?"

மேடம் எண்ணைத் தேடிப் பக்கத்தைப் புரட்டினார். அப்போதும் ஸ்கேலை வைத்தார். எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. "தண்ணி ஊத்தினா வெடிக்கும். காஞ்ச மணலைக் கொட்டுங்க" என்றார். கொட்டினோம். புகை அடங்கியது. மேஸ்திரி வாளியை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அதன்பின் அவருக்கு எல்லாமே அந்தப் புத்தகம்தான். பேத்திக்குப் பெயர் வைக்கும்போதுகூட, "அந்தச் செவப்பு புக்குல இன்னா போட்டுக்கீதுன்னு பாரும்மா" என்று வந்து நின்றார். மேடம் சிரிக்காமல் அகராதியை எடுத்தார்.

மேடம் ஓய்வு பெற்றுக் காலடிப்பேட்டையில் மகளோடு இருக்கிறார். அலுவலகத்தில் இப்போது கேட்டு முடிப்பதற்குள் கணினி பதில் சொல்லிவிடுகிறது. பழைய புத்தகங்களை எடைக்குப் போட்டபோது, சிவப்புப் புத்தகத்தையும் ஸ்கேலையும் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். போன வாரம்தான் அந்தப் பக்கத்தைப் புரட்டினேன். பொடி எழுத்து. எங்கள் பீப்பாயின் எண்ணுக்கு நேரே, உலர்ந்த மணல் என்று இருந்தது. அதை ஒட்டிய கீழ் வரியில், வேறொரு சரக்குக்கு, நிறையத் தண்ணீர் ஊற்றவும் என்று இருந்தது. அன்று நாங்கள் எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்தது மேடத்தின் நிதானத்தால்தான்.

மணல் வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்தேன். தண்ணீர் மறைந்தது.