கனகலட்சுமியின் பலகை

சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்த கனகலட்சுமி, முப்பத்தெட்டாவது வயதில் ஓட்டுநர் உரிமம் எடுத்தாள். இரண்டு வருஷம் ஷேர் ஆட்டோ ஓட்டினாள். பிறகு காற்றாலை பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் ஜீப் ஓட்டும் வேலை கிடைத்தது. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. கரிசல் காட்டுப் பாதையில் வேறெந்த வண்டியும் போகாது.

வேலைக்குச் சேர்ந்த முதல் மழைக்காலத்திலேயே அடிபட்டாள். டயர் மாற்றும்போது ஈர மண்ணில் ஜாக்கி புதைந்து, வண்டி சாய்ந்து இறங்கியது. இடது காலில் இரண்டு விரல்கள் நசுங்கின. மூன்று மாதம் வீட்டில் கிடந்தாள். இனி அவள் வரமாட்டாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஒரு திங்கட்கிழமை லேசாகக் காலைத் தாங்கித் தாங்கி நடந்து வந்து, சாவியைக் கேட்டாள். கூடவே ஒரு கனத்த பலகையும் இரண்டு மரக்கட்டைகளும் கொண்டுவந்து வண்டியின் பின்னால் போட்டாள். அன்றிலிருந்து ஆபீசில் அவளுக்குப் 'பலகை அக்கா' என்று பெயர். டயர் மாற்ற அரைமணி நேரம் எடுக்கிறாள் என்று புகாரும் உண்டு.

சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முந்தின நாள். கரிவலம்வந்தநல்லூருக்கு மேற்கே ஒரு காற்றாலை நின்றுவிட்டது. புதிதாக வந்திருந்த என்ஜினீயர் எபினேசரையும் டெக்னீசியன் பாண்டியராஜையும் ஏற்றிக்கொண்டு போனாள். பாதி வழியில் பின்பக்க டயர் வெடித்தது.

சமதளமான இடம் வரைக்கும் வண்டியை மெல்ல உருட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரிலும் போட்டாள்.

"சார், ரெண்டு பேரும் இறங்கிக்கிடுங்க."

"நான் உள்ளேயே இருக்கேன்க்கா. வெயில் தாங்கல."

"ஆள் இருந்தா தூக்கமாட்டேன் சார்."

எபினேசர் முகத்தைச் சுளித்துக்கொண்டு இறங்கினான். காற்றடிக்கிற மாதத்தில் காற்றாலை நிற்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவன் அவன். அவன் அவசரம் அவளுக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டையும் கல்லும் வைத்தாள். வண்டி தரையில் நிற்கும்போதே நட்டுகளை இளக்கினாள். பலகையைப் பரப்பி, அதன் மேல் ஜாக்கியை வைத்து, அச்சுக்கு அடியில் கொடுத்துத் தூக்கினாள். மாற்றுச் சக்கரமான ஸ்டெப்னியைப் படுக்கவைத்து, வண்டியின் அடிச்சட்டமான சேஸுக்குக் கீழே தள்ளினாள்.

"அதை எதுக்கு அடியில தள்ளுதீங்க? மாட்டத்தானே போறீங்க?" என்றான் எபினேசர்.

"மாட்டுத வரைக்கும் அங்கன கிடக்கட்டும் சார்."

வெடித்த சக்கரத்தைப் பாண்டியராஜ் கழற்றி உருட்டிவிட்டான். அப்போது அவன் கையிலிருந்த நட்டு ஒன்று நழுவி வண்டிக்கடியில் ஓடியது. அவன் குப்புறப் படுத்துக் கையை உள்ளே விட்டான்.

"ஏ பாண்டி, கைய எடு!" என்றாள்.

அதே நேரம் முன்சீட்டில் எபினேசரின் செல்போன் அடித்தது. மேலதிகாரியாக இருக்கும் என்ற பதற்றத்தில் அந்தப் பக்கமாக ஓடி, கதவைத் திறந்து, தாவி ஏறினான். வண்டி ஒரு ஆட்டம் ஆடியது. ஜாக்கி சாய்ந்தது. ஜீப் தடாலென்று இறங்கியது.

பாண்டியராஜ் அலறினான். கனகலட்சுமி மண்ணில் முகத்தை வைத்துப் பார்த்தாள். சேஸ் ஸ்டெப்னியின் மேல் உட்கார்ந்திருந்தது. அதற்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. பாண்டியராஜின் கை அந்த இடைவெளியில் கிடந்தது. மெதுவாக வெளியே இழுத்தான். முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான்.

எபினேசர் இறங்கி வந்து நின்றான். போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது, அவன் எடுக்கவில்லை.

"என்னாலதான்க்கா... நான் பார்க்கவே இல்ல."

அவனைத் திட்ட வாயெடுத்தவள், அவன் முகத்தைப் பார்த்ததும் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "குடிங்க சார். அஞ்சு நிமிஷம் எல்லாரும் சும்மா உக்காருவோம்."

உட்கார்ந்தார்கள். பிறகு அவள் எழுந்து, மண்ணைக் கொஞ்சம் பறித்துப் பலகையைப் பதித்து, ஜாக்கியை மறுபடி வைத்தாள். இந்தத் தடவை எபினேசர் பத்தடி தள்ளி நின்று, முன்சக்கரக் கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

காற்றாலை ஓடத் தொடங்கியபோது மணி மூன்று. திரும்பும் வழியில் ஆபீசிலிருந்து கனகலட்சுமிக்குப் போன் வந்தது. வண்டியை ஓரங்கட்டி எடுத்தாள். ஏன் இவ்வளவு தாமதம், பலகை வேலையா என்று கேட்டார் மேனேஜர். அவள் பதில் சொல்வதற்குள் எபினேசர் கையை நீட்டிப் போனை வாங்கினான்.

"சார், தப்பு என் மேல. தூக்கியிருந்த வண்டியில நான் ஏறிட்டேன். இவங்க ஸ்டெப்னிய அடியில போட்டிருக்கலேன்னா பாண்டியராஜுக்குக் கை போயிருக்கும். ரிப்போர்ட்ல அப்படியே எழுதுதேன்."

போனை அவளிடம் திருப்பிக் கொடுத்தான்.

ஊர் வந்ததும் பாண்டியராஜ் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இறங்கி, அவள் பக்கத்து ஜன்னலோரம் வந்து நின்றான்.

"அக்கா, நாளைக்குத் தபசு பார்க்கப் எம் பாப்பாவ இந்தக் கையாலயே தோள்ல தூக்கிட்டு வாரேன். நீங்களும் வாங்க."

"வாரேன்டே," என்றாள். பின்னால் கிடந்த பலகையை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, வண்டியை எடுத்தாள்.